பழனிப் பாதயாத்திரை: வழியில் எங்கே நிற்பது, எங்கே விலகுவது?

வாசகர் ஒருவர் கேட்டது, 1 டிசம்பர் 2024

நாங்கள் ஆறு பேர், வரும் தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறோம். விடுப்பு கையில் இருக்கிறது, அவசரமில்லை. ஆனால் போய்வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடுகிறார்கள்: "வழியில் பார்க்க ஒன்றுமில்லை. தார்ச்சாலை, லாரி, அன்னதானப் பந்தல், அவ்வளவுதான். சீக்கிரம் நடந்து சீக்கிரம் போய்ச் சேருங்கள்." இது சரியா?

2 டிசம்பர் 2024

சரியில்லை. அந்தச் சாலையில் பல வருடங்களாக நடப்பவன் என்ற உரிமையில் இதை அடித்துச் சொல்கிறேன். ஒன்றுமில்லை என்பவர்கள் பெரும்பாலும் இரவில் நடந்து பகலில் தூங்கியவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. மூன்று நாள் லீவு வாங்கவே படாத பாடு படுகிறவர்கள் அப்படித்தான் நடக்க முடியும். உங்களுக்கு நாள் இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் ஏன் அவர்கள் கணக்கில் நடக்க வேண்டும்?

காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இதில் எந்த ஊரும் வெறும் பெயர்ப்பலகை இல்லை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றி. நம் பக்கத்துக் கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மறுபடி நான்கு மணிக்குத்தான் திறக்கும். வெயில் தாங்காமல் பதினொன்றரைக்கு ஓர் ஊரில் ஒதுங்குகிறவர் எங்கே போனாலும் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். பிறகு பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லாமல் என்ன செய்வார்? அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புங்கள். ஒன்பதுக்குள் அன்றைய தங்கலுக்குச் சேர்ந்துவிடுங்கள். குளித்து, வேட்டியை அலசிக் காயப்போட்டு, பத்து மணிக்கு ஊருக்குள் இறங்கினால் இரண்டு மணி நேரம் உங்களுடையது. மாலையில் நடப்பதை ஐந்தாறு கிலோமீட்டரோடு நிறுத்துங்கள், அல்லது நடக்கவே வேண்டாம்.

2 டிசம்பர் 2024, இரவு

கீழே ஒருவர், திருப்பத்தூர் வழியாகப் போனால் வாணியம்பாடி வந்துவிடாதா என்று கேட்டிருக்கிறார். இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்ளப் போகிற உறவுக்காரர்களிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வடக்கே இருக்கிற திருப்பத்தூரில் இறங்கிவிட்டு ஒருவர் போன் செய்த கதை எங்கள் குழுவிலேயே உண்டு.

5 டிசம்பர் 2024

குன்றக்குடி. காரைக்குடியிலிருந்து பத்து கிலோமீட்டர் போலத்தான். முதல் நாள் உற்சாகத்தில் எல்லாரும் இதைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மலை மேல் சண்முகநாதர் ஆறுமுகத்தோடு மயில் மேல் இருக்கிறார். வள்ளிக்கும் தெய்வானைக்கும்கூடத் தனித்தனி மயில். பழனிக்குப் போகிற கால் முதலில் ஏறும் குன்று இதுவாக இருக்கட்டும். படியும் அதிகமில்லை, முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. மேலே போகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அங்கே திரும்புவதில்லை. பக்கத்தில் மருதாபுரி என்ற குளம். பெரிய மருதுவுக்கு முதுகில் வந்த ராஜபிளவை இந்த முருகனை வேண்டிக் குணமானது என்றும், அந்த நன்றியில் இங்கே திருப்பணி செய்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். மருதிருவரை இங்கேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் அவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

பிள்ளையார்பட்டி அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர். கற்பக விநாயகரைப் பார்க்காமல் யாரும் போவதில்லை, ஆகவே நான் பரிந்துரைக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: குடைவரைக்குள் ஒரு பெருந்தச்சனின் பெயரைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு இருக்கிறது. இரண்டே கரங்களோடு, துதிக்கை வலப்பக்கம் சுழித்து, வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அந்தப் பெரிய உருவத்தை மலையிலிருந்து வெளியே எடுத்த கைகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அங்கே தரிசனத்தைவிட அந்த நினைப்பு நெடுநேரம் நிற்கும்.

வைரவன்பட்டி: அதே பக்கம்தான், நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று. தூண்களுக்காகவே போகலாம். பிள்ளையார்பட்டிக் கூட்டத்தின் ஒரு துளிகூட இங்கே வராது. திண்ணை நிழலில் அரை மணி கால் நீட்டி உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

9 டிசம்பர் 2024

இனி, விலகல் என்றால் என் கணக்கில் முதல் இடம் திருக்கோஷ்டியூருக்கு. திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகும் சாலையில் பத்து கிலோமீட்டருக்குள். முருகனுக்கு மாலை போட்டவன் பெருமாள் கோயிலுக்கு ஏன் விலக வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நடந்து நடந்து ஒன்றைப் பெற்றவர்களில் ராமானுஜரைப் போல இன்னொருவர் இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க அவர் பதினெட்டு முறை வந்தார் என்கிறது மரபு. கடைசியில் கிடைத்தது, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் கோயிலில் ஏறி நின்று ஊரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நான் ஒருவன் நரகம் போனாலும் கேட்ட இத்தனை பேரும் கடைத்தேறுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கோயில் இது.

அஷ்டாங்க விமானத்தில் படியேறலாம். படி குறுகல், உயரம். நடந்து இறுகிப்போன தொடையோடு பக்கச் சுவரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். தளத்துக்கு ஒரு கோலமாகப் பெருமாள் கிடந்தும் நின்றும் இருந்தும் சேவை சாதிக்கிறார். மேலே ராமானுஜர் நம்பியின் வீட்டைப் பார்த்தபடி இருக்கிறார். சௌமிய நாராயணரைச் சேவித்துவிட்டு மேலே வந்து அந்தக் காற்றில் நில்லுங்கள். அதன் பிறகும் வழியில் ஒன்றுமில்லை என்று சொல்ல மனம் வருகிறதா பாருங்கள்.

10 டிசம்பர் 2024

"மாலை போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறித் திருக்கோஷ்டியூர் போனால் விரதம் என்ன ஆவது?" நியாயமான கேள்வி. என் எண்ணம்: விட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்து ஓர் அடிகூடக் குறையாமல் நடந்தால் பழனிக்கு நேர்ந்துகொண்ட நடையில் குறை வராது. ஆனால் உங்கள் குழுவில் குருசாமி ஒருவர் இருந்தால் அவர் சொல்வதுதான் முடிவு. அங்கே போய் என் பெயரைச் சொல்லி வாதாடாதீர்கள். நடந்தே போய் வருவதாக இருந்தால் திருப்பத்தூரில் இரண்டு இரவு தங்கிவிடுங்கள்.

18 டிசம்பர் 2024

திருப்பத்தூரில் இரண்டு இரவா என்று மலைத்தவருக்கு: ஆம், தாராளமாக. திருத்தளிநாதர் கோயில் பாடல் பெற்ற தலம். யோக பைரவர் சந்நிதியில் ஒரு அடக்கம் இருக்கும். உள்ளே பேசுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இந்த ஊரில்தான் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நினைவிடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. குருபூஜை நாளில் கூட்டம் அலைமோதும். தை மாதத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். நேற்று முன்தினம் குன்றக்குடியில் குளத்தைப் பார்த்துவிட்டு, இன்று இங்கே வந்து நிற்கும்போது தொண்டை அடைக்கும். பஸ்ஸில் வந்தவனுக்கு இது இரண்டு செய்தி. நடந்து வந்தவனுக்கு ஒரே ஆளின் வாழ்க்கை.

அடுத்தது சிங்கம்புணரி, இருபது கிலோமீட்டர் போல. சேவுகப்பெருமாள் ஐயனார் கோயிலும், சித்தர் முத்துவடுகநாதர் கோயிலும் இருக்கின்றன. சித்தர் கோயிலை ஊரார் வாத்தியார் கோயில் என்பார்கள். வழி கேட்கும்போது அப்படியே கேளுங்கள்.

கோயில்களைத் தவிர இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். இந்த ஊர் தென்னை நாருக்குப் பேர் பெற்றது. ஊரை நெருங்கும்போதே நார்த்தூசி வாடை அடிக்கும். கயிறு திரிக்கும் இடம் ஒன்றில் அனுமதி கேட்டு நின்று பாருங்கள். ராட்டை ஒரு முனையில் சுற்றுகிறது. இடுப்பில் நார்ப் பொதியைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மா, விரல்களால் நாரை விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடக்கிறார். கயிறு நீள நீள அவர் பின்னே பின்னே போகிறார். திரும்பிப் பார்ப்பதே இல்லை. களத்தின் கடைசிக்குப் போனதும் இழையை மாட்டிவிட்டு ராட்டைக்குத் திரும்பி வந்து மறுபடி ஆரம்பிக்கிறார். ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் அம்மா என்று கேட்டேன். "அதையெல்லாம் யார் அளந்தது, நீங்கள்தான் கணக்குப் பார்த்து நடக்கிற ஆட்கள்" என்றார். அன்று மாலை எங்கள் குழுவில் கிலோமீட்டர் பற்றி யாரும் பேசவில்லை.

27 டிசம்பர் 2024

பிரான்மலை. சிங்கம்புணரியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் விலக வேண்டும். சம்பந்தர் பாடிய கொடுங்குன்றம் இதுதான். பாரியின் பறம்பு மலையும் இதுதான் என்பார்கள். மூவேந்தரும் சூழ்ந்து நின்றும் விழாத மலை, கபிலர் நட்புக் கொண்டிருந்த மலை. கோயில் பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்கு. கீழே கொடுங்குன்றநாதர், நடுவில் பைரவர், மேலே குடைவரையில் மங்கைபாகர் அம்மையோடு திருமணக் கோலத்தில். மலைக்கு மேலே ஒரு தர்காவும் உண்டு; அங்கே ஏறுகிறவர்களும் இங்கே கும்பிட்டுவிட்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கோயில் மூன்றடுக்கையும் நிதானமாகப் பார்க்க ஒரு காலை போதும். உச்சிக்கு ஏறுவது வேறு விஷயம், அது நடைப்பயணத்தின் நடுவே வேண்டாம். இறங்கும்போது முழங்கால் தளர்ந்துவிடும். முன்னால் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

நேரம் குறைவு என்றால் திருக்கோஷ்டியூரா, பிரான்மலையா? திருக்கோஷ்டியூர் என்று இன்று சொல்வேன்.

4 ஜனவரி 2025

கால் பற்றி நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் பத்து மணிக்கு மேல் தாரில் கால் வைக்காதீர்கள். சாலையோர மண் மெத்தென்று தெரியும், ஆனால் நெருஞ்சியும் கண்ணாடிச் சில்லும் அதில்தான் இருக்கும். இருட்டில் தாரே மேல். தங்கலுக்கு வந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் வைத்து, ஈரம் போகத் துடைத்து, விரல் இடுக்குகளில் தேங்காய் எண்ணெய். கொப்புளத்தை ஊசி நூல் கோத்து உடைக்கும் வழக்கம் குழுக்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, சாலைப் புழுதியில் புண் பழுத்துவிடும். தோல் மூடியிருக்கும் வரை அதுவே மருந்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்கால் நேர்த்தியை முருகனிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், அவர் கோபிக்க மாட்டார்.

முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர். கைப்பையிலும் ஒன்று. இதில் வாதமே வேண்டாம்.

11 ஜனவரி 2025

கொட்டாம்பட்டியில் மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையைக் கடந்து சமுத்திராப்பட்டி வழியாக நத்தம். இந்தப் பகுதியில் எனக்குச் சொல்ல இடங்கள் குறைவு. ஆனால் பாதையிலேயே அழகான பகுதி இது. மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும், மாந்தோப்புகள் தொடங்கும். தை மாதத்தில் மாமரம் பூத்திருக்கும். விடியும் நேரத்தில் அந்த வாசனை சாலைக்கே வந்துவிடும்.

நத்தத்தில் மாரியம்மன் கோயில். மாசித் திருவிழாவில் பூக்குழியும், வழுக்கும் கழுமரத்தில் ஏறும் போட்டியும் பேர் போனவை. நீங்கள் போகும்போது அது இருக்காது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒரு நாள் முழுதாகப் படுத்துத் தூங்குங்கள். பாதி வழி வந்தாயிற்று.

நத்தம்–திண்டுக்கல் சாலையிலிருந்து கரந்தமலைப் பக்கம் விலகினால் திருமலைக்கேணி. மேலே ஒரு முருகன், கீழே ஒரு முருகன், வற்றாத சுனை. மரநிழல் அடர்த்தி. பழனிக்குப் போகிறவன் வழியிலேயே வீட்டுக்காரர் வந்து எதிர்கொண்டு அழைத்ததைப் போல இருக்கும். சுனைத் தண்ணீரில் முகம் கழுவிய பிறகு நடையே மாறிவிடும்.

இடப்பக்கம் கூடவே வருகிற பெரிய மலை சிறுமலை. சிறுமலை வாழைப்பழம் சாலையோரம் கிடைத்தால் விடாதீர்கள். குட்டையாக, தோல் லேசாகக் கறுத்து, பார்க்க அழுகியது போல இருக்கும் பழம்தான் சரியான பக்குவம். பளபளப்பான மஞ்சளை எடுப்பவர் ருசி அறியாதவர்.

16 ஜனவரி 2025

திண்டுக்கல்லில் எல்லாரும் பிரியாணிக் கடை கேட்கிறார்கள். விரதத்தில் இருப்பவர்கள் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மலைக்கோட்டைக்குப் போங்கள். 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது, பிறகு ஹைதர் அலி, திப்பு, கடைசியில் கும்பினியார். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் பகலெல்லாம் திறந்திருக்கும். ஆகவே நான் முதலில் சொன்ன நேரக் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஆனால் பாறையின் சூட்டுக்கு வேறு கணக்கு. பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. திறந்ததும் ஏறிவிடுங்கள், அல்லது நான்கு மணிக்கு ஏறி மூடுவதற்குள் இறங்குங்கள். மேலிருந்து மேற்கே பார்த்தால் நீங்கள் இனிமேல் நடக்கப்போகிற சமவெளியும் அதற்கு அப்பால் கொடைக்கானல் மலைத்தொடரும் தெரியும்.

இப்போது மருதிருவரிடம் திரும்புவோம். 1772இல் காளையார்கோயில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபோது, வேலு நாச்சியாரை மகளோடு காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு மருது சகோதரர்கள் வந்து சேர்ந்தது விருப்பாச்சிக்கு. ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனிச் சாலையை ஒட்டியிருக்கிற ஊர். அங்கே பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். ஹைதரின் உதவி கிடைத்தது இந்தத் திண்டுக்கல்லிலிருந்து. 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். கோபால நாயக்கரையும் 1801இலேயே கும்பினியார் தூக்கிலிட்டார்கள்.

குன்றக்குடி, திருப்பத்தூர், திண்டுக்கல், விருப்பாச்சி. காவடி போகிற இதே திசையில்தான் நாட்டை இழந்த ஓர் அரசி தன் பெண் குழந்தையோடு போனார். இதை நினைத்துக்கொண்டு நடந்த ஒரு வருடம் எனக்கு அந்தத் தார்ச்சாலை தார்ச்சாலையாகவே தெரியவில்லை. வழியில் பார்க்க ஒன்றுமில்லையாம்!

16 ஜனவரி 2025, சற்று நேரம் கழித்து

பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலைக் குறிப்பிட மறக்கக் கூடாது. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் அங்கே. அந்தப் பகுதிக்குப் பெயர் வந்ததும் அவரால்தான். கோட்டையிலிருந்து நடக்கும் தூரம்.

20 ஜனவரி 2025

பிரான்மலையைப் பற்றி மீண்டும் யோசித்தேன். திருக்கோஷ்டியூரை முன்னால் வைத்தது தனி ஆளாகவோ வயதானவர்களோடோ நடப்பவருக்குச் சரி. கேட்டவர்கள் ஆறு பேர், எல்லாரும் நாற்பதுக்குக் கீழ் என்று பிறகு எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வரிசையை மாற்றுகிறேன்: பிரான்மலை முதலில். திருக்கோஷ்டியூருக்குக் காரைக்குடியிலிருந்து எந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்வரலாம், அதுவும் மாசித் தெப்பத்தின்போது போனால் இரட்டிப்புப் பலன். பிரான்மலைக்கு என்று வீட்டிலிருந்து யாரும் கிளம்புவதில்லை; வழியில் விட்டால் விட்டதுதான்.

நகரத்தார் காவடியோடு சேர்ந்து நடக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிற ஒழுங்கு அது: எந்த ஊரில் தங்கல், எங்கே பூஜை, எங்கே பானக பூஜை எல்லாம் வகுத்தது. மருதுபட்டி, சமுத்திராப்பட்டி, இடைச்சிமடம் என்று பெரிய சாலைக்காரர்கள் கவனிக்காத ஊர்ப் பெயர்களெல்லாம் அவர்கள் வாயில் நிற்கும். போகும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் நடந்தே வருவார்கள். பார்த்தால் ஒதுங்கி நின்று காவடியைக் கும்பிடுங்கள், ஓர் இரவு அவர்கள் பூஜை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் அவர்கள் வேகம் அவர்களுடையது. விலகி விலகிப் போகிறவர்களால் ஈடுகொடுக்க முடியாது.

26 ஜனவரி 2025

திண்டுக்கல்லைத் தாண்டியதும் கூட்டம் பல மடங்காகும். நான்கு திசையிலிருந்தும் வருகிற பச்சை வேட்டிகளும் காவிகளும் இங்கேதான் ஒன்றுசேர்கின்றன. பழனி வரை சாலையோரம் பக்தர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை பெரும்பகுதிக்கு உண்டு. அதைவிட்டு இறங்காதீர்கள்.

இனிமேல் விலகலைக் குறைத்துக்கொள்ளுங்கள். மனம் மலையை நோக்கி இழுக்கும், இழுக்கிற போக்கிலேயே போவது நல்லது. இரண்டே இடங்கள். ஒன்று ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை. கேரளத்து அடுப்புகளுக்குப் போகிற காயில் பெரும்பங்கு இங்கிருந்துதான் ஏறுகிறது. முருங்கைக்காய்க் கட்டுகளைத் தோளில் வைத்து ஓடுகிற சுமைதூக்கும் தொழிலாளர்கள் நம்மைப் பார்த்ததும், கட்டை இறக்காமலே, ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் "அரோகரா" என்பார்கள். பதிலுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். அங்கே எனக்குக் கிடைத்த சுக்குக் காப்பிக்கு நிகராக எந்தப் பந்தலிலும் குடித்ததில்லை.

இரண்டாவது குழந்தை வேலப்பர் கோயில், பழனிச் சாலையிலேயே. கால் வலிக்கிறவர்கள் இங்கே ஓர் இரவு தங்குங்கள். விருப்பாச்சிக்குள் நுழைந்து கோபால நாயக்கர் மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டால் மருதிருவர் கதை முழுதாகிவிடும். மலைவாழைக்கும் அந்த ஊர்தான் பெயர் கொடுத்தது. விருப்பாச்சிப் பழம் இல்லாமல் பழனிப் பஞ்சாமிர்தம் இல்லை.

அன்னதானப் பந்தல்கள் பற்றி ஒரு வேண்டுகோள். பசித்தால் மட்டும் வாங்குங்கள். அரைத் தட்டு சாப்பிட்டு மீதியைச் சாலையோரம் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மழை வந்தால் அந்தத் தட்டுகளெல்லாம் பக்கத்துக் கண்மாய்க்குத்தான் போகும். விடியற்காலை எழுந்து சமைத்துக் கொடுக்கிறவருக்கும் நடக்கிற மண்ணுக்கும் செய்கிற துரோகம் இது.

2 பிப்ரவரி 2025

நாளை கிளம்புகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். முருகன் துணை. பழனியில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

வந்ததும் மலையேறாதீர்கள். சண்முக நதியில் குளித்து, திருஆவினன்குடிக்குப் போங்கள். மூன்றாம் படைவீடு அதுதான். பிறகு கிரிவீதியில் ஒரு சுற்று. அதன் பிறகு படி. 693 படிகள். 1966இலிருந்து விஞ்ச், 2004இலிருந்து ரோப்கார் இருக்கின்றன. இவ்வளவு தூரம் நடந்தவன் கடைசியில் அதில் ஏறுவானா என்று கேட்காதீர்கள், கால் முடியாதவர்கள் ஏறட்டும். மேலே செல்போன் கொண்டுபோகத் தடை, கீழேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஆறு பேரும் ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

தைப்பூசத் தேர் கிரிவீதியில் ஓடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது பங்குனி உத்திரத்துக்கு. தைப்பூசத் தேர் ஊருக்குள் பெரியநாயகியம்மன் கோயில் ரதவீதிகளில். தேர் பார்க்க நினைப்பவர்கள் இடம் மாறி நின்றுவிடாதீர்கள்.

கூட்டம் நெருக்கினால் இடும்பன் மலைக்கு ஏறுங்கள். அகத்தியருக்காக இரண்டு குன்றுகளைத் தோளில் கட்டித் தூக்கி வந்த இடும்பன், முதன்முதலில் காவடி எடுத்தவன். அங்கிருந்து பார்த்தால் பழனி மலை முழுதாகத் தெரியும், படியெங்கும் ஊர்கிற ஜனத்தோடு.

18 பிப்ரவரி 2025

கேட்டவர்கள் நல்லபடியாகப் போய்த் திரும்பிவிட்டார்கள். பிரான்மலை போனார்களாம், நத்தத்தில் தூங்கினார்களாம், திருமலைக்கேணியில் இரண்டு மணி நேரம் என்று போய் நாள் முழுக்க இருந்துவிட்டார்களாம். மனம் நிறைந்தது. திண்டுக்கல்லில் மட்டும் கூட்டத்தைப் பார்த்துப் பதறி, கோட்டையை விட்டுவிட்டு இரவோடு இரவாக நடந்திருக்கிறார்கள். பூச வாரத்தில் அந்தப் பதற்றம் யாருக்கும் வரும். ஆகவே அடுத்த வருடம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பூசத்துக்கு முதல் நாள் சேரும்படி கணக்குப் போடாதீர்கள். கொடியேற்றத்தை ஒட்டிப் பழனி சேர்ந்து, தரிசனம் முடித்து, கையில் மிஞ்சிய நாளில் ஐவர் மலைக்குப் போங்கள். பழனிக்கு மேற்கே. பாறை முகப்பில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். அங்கே உள்ள வரகுண பாண்டியன் கல்வெட்டில் சக ஆண்டு 792 என்று இருக்கிறது, அதாவது கி.பி. 870. பாண்டியர் கால வரிசையை ஆய்வாளர்கள் நிறுத்திப் பிடிக்க உதவிய முக்கியமான கல் இது. நேர்த்திக்கடன் முடிந்த பிறகு போவதால் பஸ்ஸில் போகலாமா என்ற சந்தேகமும் வராது.

17 மார்ச் 2025

திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பம் முடிந்த கையோடு எழுதுகிறேன். குளக்கரை முழுக்க அகல். நினைத்த காரியத்துக்காக ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு போகிறவர்களும், நிறைவேறிய பிறகு திரும்ப ஏற்ற வந்தவர்களும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்பு சொன்ன இரட்டிப்புப் பலன் இதுதான்.

பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. அதற்கு நடக்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு: நடக்கலாம், ஆனால் தைக்கு எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி எட்டரைக்கு நடையை முடித்துவிட வேண்டும். பந்தல்கள் தை அளவுக்கு இருக்காது. தண்ணீர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்மலை, கோட்டை இரண்டையும் விட்டுவிடுங்கள், திருமலைக்கேணியை விடாதீர்கள். உங்கள் மாமியாருக்கு எழுபது வயது என்றீர்கள். அவரை ஒட்டன்சத்திரம் வரை பஸ்ஸில் வரச் சொல்லி அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பழனி முப்பது கிலோமீட்டர் போல. குழந்தை வேலப்பர் கோயிலில் ஓர் இரவு, சத்திரப்பட்டியில் ஓர் இரவு என்று மூன்றாகப் பிரித்தால் அவராலும் நடந்துவிட முடியும்.